மென்கை மருத்துவர் செவாலியர் ஜாக்சன்



நாம் வாயில் இடுவன அனைத்தும் உணவாகிவிடுவதில்லை. எழுதும்போது பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம் உங்களுள் பலருக்கு உண்டு. பத்துக் காசு நாணயத்தை நாவின் கீழ் ஒளித்து வைத்து விளையாடுவோரும் உண்டு. ரம்புத்தான் பழத்தைக் கொட்டையோடு வாயிலிட்டுக்கொண்டு ஓடுவோரையும், மீன் குழம்புச் சோற்றைப் பேசிக்கொண்டே உண்டு முள்ளை விழுங்குவோரையும் நாம் அறிவோம். வீட்டில் தவழும் தம்பி தங்கையர் தரையில் கிடக்கும் ஊக்கையும் பொத்தானையும் எடுத்து வாயிலிடுகின்றனர். இவ்வாறு விழுங்கப்பட்ட பொருள் தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்கிக்கொண்டால், இக்காலத்தில் மருத்துவர் ஒரு மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்தி, உடலைக் கீறாமலே அதனை எடுத்துவிடுகிறார். இதற்கு அகநோக்கி முறை என்று பெயர். மக்கள் எண்டாஸ்கோப்பி என்று வழங்குகின்றனர்.

ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்நிலை இல்லை. விழுங்கிய ஊக்கு நெஞ்சில் குத்தி நின்றால், பெற்றோர் அழுதுகொண்டிருப்பதைத் தவிரச் செய்யத்தக்கது சிறிதே இருந்தது. அந்த இருளில் விளக்கேற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க நாட்டு மருத்துவர் செவாலியர் ஜாக்சன் ஆவார். செவாலியர் என்றதும் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் பெற்ற பிரெஞ்சு விருது உங்கள் நினைவுக்கு வரலாம். இவருக்கோ அது பெற்றோர் இட்ட பெயராகும். அப்பெருந்தகையின் வாழ்க்கை வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

செவாலியர் ஜாக்சன் 1865ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்சுபர்க் நகரில் பிறந்தார். மூன்று ஆண்மக்களுள் இவரே மூத்தவர். குடும்பம் செல்வக் குடும்பம் அன்று. நகரின் புறத்தே நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதியில் இவரது இளமைக்காலம் கழிந்தது.

ஜாக்சன் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத, மெலிந்த உடலினர்; அமைதியான இயல்பினர். இவை இரண்டுமே அவருக்குப் பகையாயின. பள்ளியில் உடல் வலிமை மிக்க முரட்டுச் சிறுவர்கள் அவரை நாள்தோறும் துன்புறுத்தினர். ஒருமுறை அவரைக் கைவிடப்பட்ட நிலக்கரிக் குழி ஒன்றில் தள்ளிவிட்டுச் சென்றுவிட்டனர். தற்செயலாக அவ்வழியே வந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரால் அவர் உயிர் பிழைத்தார்.

துன்பம் அடைந்தவர் இரு வகையினர் ஆவர். தாம் பட்டதைப் பிறருக்குத் திருப்பிச் செய்வோர் ஒரு வகையினர். தாம் பட்ட துன்பம் வேறு எவ்வுயிருக்கும் நேரலாகாது என்று எண்ணுவோர் மற்றொரு வகையினர். சிறுவன் ஜாக்சன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். சுரங்கத்தில் சுமை இழுக்கும் குதிரைகளை வண்டிக்காரர்கள் அடிப்பதைக் கண்டால்கூட அவன் மனம் பொறாது. வலியைக் கண்டு இரங்கும் இந்த உள்ளமே பிற்காலத்தில் அவருடைய மருத்துவத்தின் அடிப்படையாக அமைந்தது.

முரடர்களிடமிருந்து விலகியிருந்த நேரமெல்லாம் அவர் மர வேலையிலும் உலோக வேலையிலும் ஈடுபட்டார். உளியும் அரமும் அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் ஆயின. ஓவியம் வரைவதிலும் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. கைத்தொழில் பழகுவது படிப்புக்கு இழுக்கு என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே உளர். ஜாக்சனுடைய கைகள் பின்னர்ச் செய்த அருஞ்செயல்களுக்கெல்லாம் இந்தச் சிறுவயதுப் பழக்கமே வித்தாயிற்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கல்விக்காகப் பட்ட பாடு

மருத்துவராக வேண்டும் என்பது ஜாக்சனின் விருப்பம். அதற்குப் பணம் வேண்டுமே! கண்ணாடிக் கலங்களிலும் பீங்கான் கலங்களிலும் சித்திரம் தீட்டிக் கொடுத்து அவர் கூலி பெற்றார். அவ்வருவாயைக் கொண்டு பிலடெல்பியா நகரின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1886ஆம் ஆண்டு, தமது இருபதாம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றதும் அவர் இங்கிலாந்து சென்றார். அங்கே இலண்டன் மாநகரில் மோரல் மெக்கன்சி என்னும் புகழ்பெற்ற தொண்டை மருத்துவரின் பணியைக் கண்டறிந்தார். உணவுக்குழாயினுள் பார்ப்பதற்கென்று மெக்கன்சி செய்திருந்த கருவி ஒன்றையும் கண்டார். அது நடைமுறைக்கு ஏற்றதாக இல்லை. எனினும், இதனைச் செம்மையாகச் செய்ய இயலாதா என்னும் வினா அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1887இல் பிட்சுபர்க் திரும்பி, தொண்டை மருத்துவராகத் தொழில் தொடங்கினார்.

இரு குழாய்களும் பண்டை முயற்சிகளும்

மாணவர்களே! அவர் செய்த பணியின் அருமையை உணர வேண்டுமாயின், நம் உடலின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். தொண்டையின் கீழே இரண்டு குழாய்கள் தொடங்குகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். பின்னால் இருப்பது உணவுக்குழாய். நாம் விழுங்கும்போது குரல்வளை மூடி என்னும் சிறு மடல் மூச்சுக்குழாயின் வாயை மூடிக்கொள்ளும். உண்ணும்போது சிரித்தாலும் ஓடினாலும் பேசினாலும் உணவு வழி தவறி மூச்சுக்குழாயில் புகக்கூடும். உண்ணும்போது பேசாதே என்று பெரியோர் கூறியதன் காரணம் இதுவே.

உணவுக்குழாய் வளர்ந்தவர்க்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம் உடையது. அதன் சுவர் மெல்லியது. கூரிய பொருள் அதனைத் துளைத்துவிட்டால் நெஞ்சினுள் சீழ் பிடிக்கும். பெனிசிலின் போன்ற மருந்துகள் வழக்கத்திற்கு வராத அக்காலத்தில், அத்தகைய சீழ் பெரும்பாலும் உயிரைக் குடித்தது. அதனால்தான் சிக்கிய பொருளைக் கண்ணால் காணாமல் முரட்டுத்தனமாக இழுப்பது பேராபத்தாக இருந்தது.

இத்தொல்லையைத் தீர்க்க மனிதன் நெடுங்காலமாக முயன்று வந்துள்ளான். இந்தியாவின் பழம்பெரும் அறுவை மருத்துவ நூலாகிய சுசுருத சம்கிதை, தொண்டையில் அரக்குத் துண்டு சிக்கினால் முதலில் ஓர் உலோகக் குழாயைத் தொண்டையினுள் செலுத்த வேண்டும் என்கிறது. பின்பு அக்குழாயினூடே சூடாக்கிய கம்பியைச் செலுத்தினால், அரக்கு கம்பியில் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்ததும் அதனை வெளியே எடுக்கலாம். மீன் முள் போன்றது சிக்கினால், நீண்ட நூலில் கட்டிய மயிர்ச் சுருளை நீர்ம உணவோடு விழுங்கச் செய்து, முள் அதில் மாட்டியதும் இழுக்கும் முறையையும் அந்நூல் கூறுகிறது. தொண்டைக்குக் காயம் நேராமல் குழாயைக் காப்பாக வைத்து, அதனுள்ளே கருவியைச் செலுத்தும் எண்ணம் அன்றே தோன்றியிருந்தது வியப்பிற்குரியது.

பிற்காலத்தில், 1868இல், ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் அடால்ப் குஸ்மௌல் என்னும் மருத்துவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணையோடு நேரான குழாயை வயிறு வரை செலுத்திக் காட்டினார். ஆனால், உள்ளே பார்ப்பதற்குப் போதிய வெளிச்சம் கிடைக்கவில்லை. அதே நகரில் 1897ஆம் ஆண்டு குஸ்டாவ் கில்லியன் என்பவர், ஓர் உழவரின் மூச்சுக் கிளைக்குழாயில் சிக்கியிருந்த எலும்புத் துண்டைக் குழாய் வழியே எடுத்துப் புகழ் பெற்றார்.

முதற்கருவியும் துணிவான முடிவும்

கில்லியனின் செயலுக்கு ஏழு ஆண்டுகள் முன்னரே, 1890ஆம் ஆண்டில், ஜாக்சன் தாமே ஓர் உணவுக்குழாய் நோக்கியை உருவாக்கியிருந்தார். அதனைக் கொண்டு வளர்ந்த ஒருவர் விழுங்கிய பொய்ப்பல் தகட்டையும், குழந்தை ஒன்று விழுங்கிய நாணயத்தையும் எடுத்தார். வயது இருபத்தைந்துதான், புகழ் அவர் வாயிலில் வந்து நின்றது.

அப்போதுதான் ஒரு சோதனை நேர்ந்தது. அவர் கருவியைப் பிற மருத்துவர்களும் வாங்கிப் பயன்படுத்தினர். போதிய பயிற்சியின்றி அவசரமாகக் கையாண்டதால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்த செய்திகள் வந்தன. வேறொருவராயின் குறை தம்முடையது அன்று என்று ஒதுங்கியிருப்பார். ஜாக்சனோ அக்கருவியைப் பரப்புவதை நிறுத்திக்கொண்டார். முதலில் முறையான பயிற்சி வேண்டும். கருவி பிறகு என்பது அவர் முடிவு.

கருவியைச் செய்வது எளிது, அதனைப் பிடிக்கும் கையைப் பண்படுத்துவதே அரிது என்னும் உண்மையை அவர் அன்று உணர்ந்தார். அதன் பின்னர் அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி, கைகளைப் பண்படுத்தும் ஆசிரியப் பணியாகவே அமைந்தது.

மென்மையே முறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாக்சன் தம் குழாய்களின் உள்முனையிலேயே சிறு மின்விளக்குப் பொருந்துமாறு செய்தார். இதனால் இருண்ட குழாயின் அடிப்பகுதி தெளிவாகத் தெரிந்தது. பல வடிவ இடுக்கிகளையும் அவர் தம் பட்டறையில் உருவாக்கினார். அவற்றுள் ஒன்று, உள்ளே திறந்து கிடக்கும் ஊக்கை அங்கேயே மூடிவிடும் கருவி. 1907இல் இம்மருத்துவ முறைகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார்.

அவருடைய அறிவின் நுட்பத்தைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். குழந்தை ஒன்று திறந்த ஊக்கை விழுங்கிவிடுகிறது. ஊக்கின் கூர்முனை மேல் நோக்கி நிற்கிறது. அப்படியே மேலே இழுத்தால் கூர்முனை சுவரைக் கிழிக்கும். ஜாக்சன் என்ன செய்தார்? ஊக்கை மேலே இழுக்காமல், மெல்லக் கீழே கொண்டு சென்று இரைப்பையில் இறக்கினார். இரைப்பை அகன்ற இடம். அங்கே ஊக்கைத் திருப்பி, வளைந்த முனையைப் பிடித்து மேலே கொண்டு வந்தார். இப்போது கூர்முனை பின்னால் வருகிறது, எதனையும் குத்தவில்லை. குடையின் கூர்முனையை முன்னே நீட்டிக்கொண்டு நெரிசலில் நடந்தால் பிறரைக் குத்தும். பின்னால் தாழ்த்தி இழுத்துச் சென்றால் குத்தாது. முன்செல்லும் முனை குத்தும், பின்தொடரும் முனை குத்தாது என்பதே அவர் மாணவர்களுக்குக் கற்பித்த விதி.

மேலே வர வேண்டிய பொருளை முதலில் கீழே கொண்டுசெல்லும் பொறுமை எத்துணைப் பேருக்கு வாய்க்கும்? வலிமையால் இழுப்பதை அவர் அறவே வெறுத்தார். சிக்கிய பொருள் எவ்வாறு கிடக்கிறது, எப்பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்விடத்தில் பிடித்தால் நழுவாது என்று முன்கூட்டியே ஆராய்வார். அதே போன்ற பொருளை ரப்பர்க் குழாயினுள் வைத்து, எடுக்கப் பழகிப் பார்ப்பார். 1895இல் ரான்ட்ஜென் கண்டறிந்த எக்ஸ் கதிர் இவ்வாராய்ச்சிக்குத் துணை நின்றது. இரு கைகளாலும் ஒரே திறமையுடன் வேலை செய்யவும் அவர் பழகியிருந்தார்.

குழந்தைகள் பலருக்கு மயக்க மருந்து கொடாமலே அவர் இச்சிகிச்சையைச் செய்தார் என்றால், அக்கைகளின் மென்மையை நாம் உணரலாம். நிலக்கரிக் குழியில் தள்ளப்பட்ட அச்சிறுவனே, அஞ்சி நடுங்கும் குழந்தைகளின் தொண்டையினுள் விளக்கோடு இறங்கும் மருத்துவரானான்!

எரிகாரத்தின் கொடுமை

ஜாக்சன் மீட்ட குழந்தைகளுள் மற்றொரு பிரிவினர் இருந்தனர். அவர்கள் விழுங்கியது பொருளை அன்று, நஞ்சை. அக்காலத்து அமெரிக்க வீடுகளில் சோப்புச் செய்யவும் சாக்கடைக் குழாயைத் துப்புரவு செய்யவும் எரிகாரத்தைப் பயன்படுத்தினர். வெண்ணிறமாய்ச் சர்க்கரை போலத் தோன்றிய அதனைக் குழந்தைகள் அறியாமல் வாயிலிட்டனர். எரிகாரம் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். புண் ஆறும்போது தழும்பு இறுகிக் குழாய் நாளுக்கு நாள் குறுகும். உணவு இறங்காமல் குழந்தை எலும்பும் தோலுமாகிவிடும்.

அவ்வாறு ஓர் ஏழைச் சிறுமி அவரிடம் கொண்டுவரப்பட்டாள். பல நாளாக ஒரு சொட்டு நீரும் அவளுக்கு உள்ளே இறங்கவில்லை. ஜாக்சன் குழாயைச் செலுத்திப் பார்த்தபோது, குறுகிய பாதையில் அடைப்பு ஒன்று இருக்கக் கண்டார். இடுக்கியால் அதனைச் சிறிது சிறிதாக அகற்றினார். பின்பு அவளுக்கு ஒரு குவளை நீர் கொடுக்கப்பட்டது. வழக்கம்போல் நீர் திரும்பி வரும் என்றெண்ணி அவள் தயங்கித் தயங்கி ஒரு வாய் பருகினாள். நீர் உள்ளே இறங்கியது. மீண்டும் ஒரு வாய் பருகினாள், அதுவும் இறங்கியது. உடனே அச்சிறுமி அருகில் நின்ற செவிலியை மெல்ல விலக்கிவிட்டு, மருத்துவரின் கையைப் பற்றி முத்தமிட்டாள். இந்நிகழ்ச்சியை ஜாக்சன் முதுமையிலும் மறவாது தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதி வைத்தார்.

நாம் குழாயைத் திறந்து நாள்தோறும் பருகும் நீர் எத்துணைப் பெரிய செல்வம் என்பதை அச்சிறுமி அறிந்திருந்தாள்.

இத்தகைய குழந்தைகள் மேன்மேலும் வந்துகொண்டே இருந்தனர். ஒவ்வொருவராகக் காப்பாற்றுவது மட்டும் போதாது. இத்துன்பம் வாராமலே தடுக்க வேண்டும் என்று ஜாக்சன் உறுதி பூண்டார். எரிகாரப் புட்டிகளில் நஞ்சு என்று தெளிவாக அச்சிட வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். சட்டமன்றத்தாரையும் மருத்துவ சங்கத்தாரையும் அணுகினார். அவர் முயற்சி வென்றது. 1927ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் எரிநஞ்சுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அத்தகைய பொருள்களின் கலங்களில் நஞ்சு என்னும் சொல்லும், தவறி உட்கொண்டால் செய்ய வேண்டிய முதலுதவியும் அச்சிடப்படல் வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிட்டது. ஜாக்சனை ஒருமுறையும் பாராத எத்தனையோ குழந்தைகள் அச்சட்டத்தால் காக்கப்பட்டனர்.

நோயிலும் ஓயாத ஆசிரியர்

1911ஆம் ஆண்டில் ஜாக்சனைக் காச நோய் பற்றியது. அந்நாளில் அதற்கு ஓய்வே மருந்து. படுக்கையில் கிடந்த காலத்தையும் அவர் வீணாக்கவில்லை. தம் அடுத்த நூலை எழுதினார். நோய் தணிந்ததும் மீண்டும் பணிக்குத் திரும்பினார்.

1916இல் அவர் பிலடெல்பியா நகருக்குக் குடிபெயர்ந்து, தாம் பயின்ற ஜெபர்சன் கல்லூரியிலேயே பேராசிரியர் ஆனார். பிற்காலத்தில் அந்நகரின் பல மருத்துவக் கல்லூரிகளிலும் பேராசிரியராக விளங்கினார். 1935 முதல் 1941 வரை பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியின் தலைவராகவும் பணியாற்றினார்.

ஜாக்சனின் வகுப்பு மாணவர்களுக்கு விருந்தாக இருக்கும். கரும்பலகையில் பல நிறச் சுண்ணக்கட்டிகளால் தொண்டையின் உட்புறத்தை அவர் வரைந்து காட்டுவார். கலங்களில் சித்திரம் தீட்டிக் கல்லூரிக் கட்டணம் கட்டிய அதே கை, இப்போது மருத்துவ உலகுக்குப் பாடம் வரைந்தது. பல நாட்டு மருத்துவர்கள் அவரிடம் வந்து பயின்றனர்.

இழுப்பறைகளில் ஓர் அரிய தொகுப்பு

நோயாளிகளிடமிருந்து எடுத்த பொருள்களை ஜாக்சன் எறிந்துவிடவில்லை. உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஒவ்வொன்றையும் குறிப்புகளுடன் பாதுகாத்தார். எதிர்கால மருத்துவர்களுக்கு அவையே பாடநூல் என்று கருதினார். அத்தொகுப்பை அவர் 1924இல் பிலடெல்பியா மருத்துவர் கல்லூரியைச் சேர்ந்த மூட்டர் அருங்காட்சியகத்திற்கு அளித்தார். அங்கே 2,374 பொருள்கள் இழுப்பறைகளில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன.

அவற்றுள் ஊக்குகள், நாணயங்கள், பொத்தான்கள், ஆணிகள், எலும்புகள், கடலைப் பருப்புகள், சிறு விளையாட்டுப் பொருள்கள் ஆகியன உள்ளன. ஒரு நாளும் தவறாமல் பள்ளிக்கு வந்தமைக்காக வழங்கப்பட்ட சின்னம் ஒன்றும் அங்கே இருக்கிறது! பள்ளிக்கு ஒழுங்காக வந்த அம்மாணவர், பரிசை வாயில் வைக்கலாகாது என்னும் பாடத்தை மட்டும் மறந்துவிட்டார் போலும்.

நிலக்கடலையைப் பற்றி ஜாக்சன் சிறப்பாக எச்சரித்தார். கடைவாய்ப் பற்கள் முளைக்காத குழந்தைகள் கடலையை அரைத்து உண்ண இயலாது. அது மூச்சுக்குழாயில் புகுந்தால் நுரையீரலில் கடும் அழற்சி உண்டாகும். எக்ஸ் கதிர்ப் படத்திலும் அது உலோகம் போலத் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே, கச்சான் கொறிக்கும் பெரியோர் அருகிலுள்ள கைக்குழந்தையின் வாயில் அன்போடு ஒன்றை ஊட்டுவது அன்பாகாது.

முதுமையும் மறைவும்

ஜாக்சன் 1899இல் ஆலிஸ் பென்னட் ஒயிட் என்பவரை மணந்தார். இவர்களுடைய மகன் செவாலியர் லாரன்ஸ் ஜாக்சனும் தந்தையின் துறையிலேயே மருத்துவரானார். உடலில் புகுந்த பொருள்களால் வரும் நோய்களைப் பற்றித் தந்தையும் மகனும் இணைந்து எழுதிய பெருநூல் 1936இல் வெளிவந்தது. 1938இல் ஜாக்சன் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

மது அருந்தாமலும் எளிமையாகவும் வாழ்ந்த அவர், பிலடெல்பியாவுக்கு அப்பால் பழைய ஆலை ஒன்றை வீடாக்கிக்கொண்டு, அங்கே மர வேலையும் ஓவியமுமாகத் தம் முதுமையைக் கழித்தார். 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், தமது தொண்ணூற்றிரண்டாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவருக்குப் பின்

ஜாக்சனின் குழாய்கள் நேரானவை, வளையாதவை. வளையும் குழாய்க்கு வழி வகுத்தோருள் ஓர் இந்தியரும் உண்டு. பஞ்சாப் மாநிலத்தில் பிறந்த நரிந்தர் சிங் கப்பானியும் இங்கிலாந்தின் அரால்டு ஆப்கின்சும், கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தும் முறையை 1954இல் வெளியிட்டனர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த பேசில் இர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர், அமெரிக்காவின் மிச்சிகனில் தம் துணைவர்களோடு வளையும் அகநோக்கியை உருவாக்கி, 1957இல் முதலில் தாமே விழுங்கிச் சோதித்தார். ஜாக்சன் மறைவதற்கு ஓராண்டு முன் நிகழ்ந்தது இது. இன்று குழாயின் முனையில் சிறு ஒளிப்படக் கருவி இருக்க, மருத்துவர் திரையைப் பார்த்தவாறே பொருளை எடுக்கிறார். ஆயினும், கூர்முனை பின்னால் வர வேண்டும். வலிந்து இழுத்தல் கூடாது என்னும் ஜாக்சனின் விதிகள் இன்றும் மாறவில்லை.

விழுங்கப்பட்ட பொருள் இரைப்பையை அடைந்துவிட்டால், பத்தில் எட்டு அல்லது ஒன்பது முறை அது தானாகவே வெளியேறிவிடும். எஞ்சியவற்றுக்கே அகநோக்கி தேவைப்படுகிறது. ஆனால், ஜாக்சன் காலத்தில் இல்லாத ஒரு பகைவன் இப்போது நம் வீடுகளில் புகுந்துள்ளான். விளையாட்டுப் பொருள்களிலும் கைக்கடிகாரங்களிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலமே அது. உணவுக்குழாயில் அது சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே சுவரைப் பொசுக்கத் தொடங்கிவிடும். எரிகாரத்தை எதிர்த்துப் போராடிய ஜாக்சன் இன்றிருந்தால், இதனையும் எதிர்த்துப் போராடியிருப்பார்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. நாணயம், ஊக்கு, பேனா மூடி, பாசிமணி, மின்கலம், காந்தம் ஆகியவற்றை வாயில் வைத்தல் கூடாது. தம்பி தங்கையருக்கு எட்டும் இடத்தில் அவற்றைப் போடுதலும் கூடாது.

2. உண்ணும்போது அமர்ந்து, நன்கு மென்று உண்ணுக. வாயில் உணவோடு ஓடுதலும் சிரித்தலும் வேண்டா.

3. எதையேனும் விழுங்கிவிட்டால் அடிக்கு அஞ்சி மறைத்தல் கூடாது. எதை விழுங்கினோம், எப்போது விழுங்கினோம் என்பதை உடனே பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுக.

4. பெற்றோர் குழந்தையை வைதுகொண்டிராமல் விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. சுங்கை பினாங் வட்டாரத்தில் வாழும் நமக்குப் பினாங்கு பொது மருத்துவமனை தொலைவில் இல்லை. மூச்சுத் திணறினால் உடனே 999 எண்ணை அழைக்க.

5. சோற்று உருண்டையும் வாழைப்பழமும் விழுங்கச் செய்து முள்ளைத் தள்ள முயலுதல் நம்மவரிடையே உள்ள பழக்கம். அது முள்ளை மேலும் ஆழமாகக் குத்தச் செய்யலாம். விரலைவிட்டுத் துழாவுதலும் வாந்தி எடுக்கச் செய்தலும் தவறாகும்.

6. துப்புரவு நீர்மங்களையும் களைக்கொல்லிகளையும் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைத்தல் கூடாது. தோட்டப்புற வீடுகளில் இதனால் நேரும் துன்பம் பெரிது.

மாணவச் செல்வங்களே! வகுப்பில் உங்களைவிட மெலிந்தவனைத் தள்ளிவிடும் எண்ணம் தோன்றும்போது, நிலக்கரிக் குழியில் கிடந்த அச்சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் அங்கேயே மாண்டிருந்தால் எத்தனை குழந்தைகள் நீர் பருக வழியின்றி மாண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்களே அம்மெலிந்தவராக இருப்பின், மனம் தளராதீர்கள். உங்கள் கைகளைத் தொழிலிலும் கலையிலும் பழக்குங்கள். பிறர் துன்பத்தை உணரும் நெஞ்சை இழந்துவிடாதீர்கள். கற்ற கையும் கனிந்த நெஞ்சும் சேர்ந்த இடத்தில் உயிர்கள் பிழைக்கும் என்பதற்குச் செவாலியர் ஜாக்சனின் வாழ்வே சான்றாகும்.